கலைப்பிரிவுப் பிள்ளைக்குக் கணினி நிரலாக்கம் எதற்கு?

பட்டினத்துக் கணினி வகுப்பொன்றின் துண்டுப்பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்மையில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மண்சரிவில் வீட்டையும் மிளகுக் கொடிகளையும் கால் ஏக்கர் தேயிலையையும் இழந்து, இப்போது புதிய குடியிருப்பொன்றில் வாழும் குடும்பம். மூத்த மகள் உயர்தர வகுப்பில் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் ஆகிய பாடங்களைப் படிக்கிறாள்.

"புள்ள ஆசப்படுது பாதர். ஆறு மாசப் படிப்பாம். நாப்பத்தஞ்சாயிரம் கேக்குறாங்க. கம்மல அடகு வச்சா சமாளிக்கலாம். ஆனா இவ கம்பியூட்டர் பிரிவுப் புள்ள இல்லியே, தமிழும் புவியியலும் படிக்கிறவளுக்கு இது எதுக்குன்னு அவங்க அப்பா கேக்குறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மண்ணோடு போகாமல் அந்த வீட்டில் மிஞ்சியது அந்தக் கம்மல் ஒன்றுதான். எமது தோட்டங்களிலிருந்து 1977 இலும் 1983 இலும் வன்னிக்கு ஓடிய குடும்பங்களிடமும், 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மலை சரிந்தபோது தப்பியவர்களிடமும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் வீடிழந்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தால், கையில் எஞ்சிய நகையை எதற்கு விற்றோம் என்ற கதை ஒவ்வொருவரிடமும் இருக்கும். ஆகவே இந்தக் கேள்வியை அவசரப்படாமல், படிப்படியாகப் பார்ப்போம். இதே துண்டுப்பிரசுரம் இன்னும் பல வீடுகளுக்கு வந்திருக்கும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். கடிதம் தட்டச்சுச் செய்வதும், அட்டவணையில் கணக்கு எழுதுவதும், படம் வரைவதும் கணினியைப் பயன்படுத்தும் பயிற்சிகள். அவை அலுவலக வேலைக்கு உடனடியாக உதவும். நிரலாக்கம் என்பது வேறு. கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு படியாக, அதற்கு விளங்கும் சொற்களில் எழுதிக்கொடுப்பதே நிரலாக்கம். இவ்வாறு எழுதிய கட்டளைத் தொகுதியை நிரல் என்கின்றோம். "கணினிப் படிப்பு" என்று பிரசுரத்தில் பொதுவாகப் போட்டிருந்தால், இவ்விரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தாயின் கையிலிருந்த பிரசுரத்தில் இரண்டும் கலந்திருந்தன.

நிரல் எப்படியிருக்கும் என்பதற்கு எமக்குப் பழக்கமான ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபா, நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கொழுந்து 18 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா, 18 கிலோ எடுக்காதவருக்கு அரைப்பேர் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காகச் சொல்வது. உங்கள் தோட்டத்து நடைமுறை வேறாக இருக்கலாம்.) கணக்கப்பிள்ளை இதை மனத்தாலேயே போட்டுவிடுவார். கணினிக்கோ எதுவும் தெரியாது. அதற்கு இப்படிச் சொல்ல வேண்டும்: கொழுந்தின் நிறையைக் கேள். நிறை 18 ஐ விடக் கூடுதலானால், 18 ஐக் கழித்து மிச்சத்தை 50 ஆல் பெருக்கி 1,350 உடன் கூட்டு. இல்லையானால் 675 என்று எழுது. அடுத்தவரின் நிறையைக் கேள். பட்டியல் முடியும்வரை இதையே திரும்பச் செய்.

இப்போது சோதித்துப் பாருங்கள். 23 கிலோ எடுத்தவருக்கு 1,600 ரூபா விழும். சரி. 15 கிலோ எடுத்தவருக்கு 675 ரூபா. அதுவும் சரி. சரியாக 18 கிலோ எடுத்தவருக்கு? மேலே நான் எழுதியதை மீண்டும் வாசியுங்கள். "18 ஐ விடக் கூடுதலானால்" என்றுதான் எழுதியிருக்கின்றேன். 18 என்பது 18 ஐ விடக் கூடுதல் அல்ல. ஆகவே அந்தப் பெண்ணுக்கு அரைப்பேர் விழுந்துவிடும். நாள் முழுவதும் மலையில் நின்று, கேட்ட கொழுந்தைச் சரியாக நிறுத்துக் கொடுத்தவருக்கு 675 ரூபா நட்டம். கணினிக்கு வஞ்சகம் தெரியாது. எழுதியவர் "18 அல்லது அதற்குக் கூடுதலானால்" என்று எழுதத் தவறினார், அவ்வளவுதான்.

இந்தத் தவறை நிரலாக்கம் படித்த ஒருவர் தவறவிடலாம். கொழுந்து எடுத்த தாய் தவறவிடமாட்டார். இதைச் சொன்னபோது அந்தத் தாய் சிரித்துவிட்டார். "அத நாங்க தராசடியிலயே புடிச்சிருவோம் பாதர்" என்றார்.

கலைப்பிரிவுப் பிள்ளைக்கு இது எதற்கு என்ற தந்தையின் கேள்விக்கு நான் கண்ட முதல் பதில் இங்கேதான் இருக்கின்றது. சம்பளப் பட்டியல், நிவாரணப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல் எல்லாம் இன்று கணினிகளின் வழியாகவே போய்வருகின்றன. அவற்றை எழுதுவோருக்கு எமது வாழ்க்கை தெரியாது. வாழ்க்கை தெரிந்த எமக்கோ அவை எப்படி எழுதப்படுகின்றன என்று தெரியாது. "கம்பியூட்டர்ல அப்படித்தான் வருது" என்று ஒரு அலுவலகத்தில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருகின்றோம். கணினியில் தானாக எதுவும் வருவதில்லை, யாரோ ஒருவர் எழுதிய விதியின்படிதான் வருகின்றது என்று அறிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

இன்னுமோர் உதாரணம். இடம்பெயர்ந்தோர் பட்டியல்களில் ஒரே ஆள் இரண்டு தடவை பதியப்படுவதும், அதனால் இருவரும் வெட்டப்படுவதும் நடக்கக்கூடியவை. காரணங்களில் ஒன்று அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 85620 என்று ஓர் அட்டை இலக்கம் தொடங்கினால், அவர் 1985 இல், ஆண்டின் 120ஆவது நாளில் பிறந்த ஒரு பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவது அந்த இலக்கத்தின் வழக்கம். அப்படி எண்ணினால் ஏப்ரல் 29 வரும். பழையதைப் புதியதாக்க, எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, ஆண்டும் நாளும் முடிந்த இடத்தில் ஒரு பூச்சியத்தை நுழைத்து, மீதி நான்கு இலக்கங்களையும் அப்படியே எழுதினால் போதும். இருநூறு குடும்பங்களின் பட்டியலில் இதைக் கையால் செய்து ஒப்பிட ஒரு நாள் போகும், பிழையும் வரும். நிரலாக்கத்தின் முதற்பாடங்களைப் படித்த பிள்ளை பத்து, பதினைந்து வரியில் எழுதும் ஒரு நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் அதைச் செய்துவிடும். இதற்குப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை.

கணினித் துறையில் இல்லாதவர்கள் நிரலாக்கம் படிப்பது புதுமையும் அல்ல. 1964 மே மாதத்தில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் என்ற இரு கணித ஆசிரியர்கள் பேசிக் என்னும் நிரல்மொழியை உருவாக்கியது, விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்ற எண்ணத்தில்தான். மறுவருடம், 1965 இல், அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, தாம் பணியாற்றிய கிளார்க் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கி நடத்தினார்.

எனக்கு மிகப் பிடித்த கதை இத்தாலிய இயேசு சபைக் குரு ரொபேட்டோ பூசாவினுடையது. புனித தோமா அக்குவினாவின் நூல்களில் "உள்ளே" என்று பொருள்படும் ஒரு சின்னஞ்சிறு இலத்தீன் சொல் எங்கெங்கே எவ்வாறு வருகின்றது என்று ஆராயப் போனவர் அவர். ஆயிரக்கணக்கான அட்டைகளில் கையால் எழுதிப் பார்த்தார். முடியாது என்று கண்டு, 1949 இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தோமஸ் வாட்சனிடம் நேரில் போய் உதவி கேட்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களின் அகராதி பல ஆண்டு உழைப்பின் பின் 56 தொகுதிகளாக அச்சில் வந்தது. அந்தச் சொற்களை எல்லாம் துளை அட்டைகளில் பதித்தவர்கள் கல்லரத்தே என்ற ஊரின் இளம் பெண்கள். அவர்களைப் பற்றி நெடுங்காலம் யாரும் பேசவில்லை. எமது மலைகளில் கொழுந்து எடுப்பவர்களின் பெயரும் தேயிலைப் பெட்டியில் இருப்பதில்லை அல்லவா?

இவ்வளவும் சொன்னதால், உடனே கம்மலைக் கழற்றுங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஓர் ஆரம்பப் பாடநெறி வேலை தராது. இதை மறைப்பவர்கள் உங்களிடம் பணம் வாங்க நினைப்பவர்கள். மென்பொருள் நிறுவனத்தில் சேர்வதற்கு இன்னும் சில வருடப் படிப்பும், தொடர்ந்த பயிற்சியும், ஆங்கில வாசிப்பும் வேண்டும். ஆரம்பப் பாடநெறி தருவது, இந்தத் துறை தனக்கு ஏற்றதா என்று பிள்ளை அறிய ஒரு வாய்ப்பும், மேலே சொன்னவாறு சிந்திக்க ஒரு பழக்கமும்தான்.

அடுத்தது காலம். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று பாடங்கள். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியைப் பொறுத்தது. பரீட்சைக்கு எட்டு மாதம் இருக்கும்போது சனி, ஞாயிறு இரண்டையும் பட்டினத்துக்குப் போய்வரச் செலவிட்டால், ஒரு பாடத்தில் இழக்கும் புள்ளிகள் பல்கலைக்கழக வாசலையே மூடிவிடக்கூடும். அப்படியான பிள்ளைக்குப் பரீட்சை முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்கு இடையிலுள்ள மாதங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. அம்மாதங்களில்தான் எமது பிள்ளைகளில் பலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிடுகின்றார்கள்.

இடையில் நிற்காமல் படிக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில், வெளியே ஒரு வகுப்பில் நிரலாக்கம் படிக்கச் சேர்ந்தேன். தர்க்கவியல் படித்தவனுக்கு இது வராதா என்ற தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. முதல் மூன்று வாரம் நன்றாகப் போனது. நான்காவது வாரமும் ஐந்தாவது வாரமும் காய்ச்சலால் போகவில்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் கட்டளைகளை அந்த இரு வாரத்தில்தான் படிப்பித்தார்கள். ஆறாவது வாரம் போனபோது கரும்பலகையில் எழுதியிருந்த ஒரு வரியும் எனக்கு விளங்கவில்லை. கேட்க வெட்கம். ஏழாவது வாரத்தோடு நின்றுவிட்டேன், கட்டிய பணமும் போனது. வரலாற்றுப் பாடத்தில் கண்டி இராச்சியத்தைத் தவறவிட்டாலும் கோல்புறூக் சீர்திருத்தத்தைப் படிக்கலாம். நிரலாக்கம் அப்படியல்ல. படிக்கட்டில் ஒரு படி உடைந்தால் மேலே ஏற முடியாது. மழைக்குப் பாதை மூடும் இடத்திலிருந்து, ஒரு நாளைக்கு இரண்டு பஸ் மட்டும் ஓடும் வழியில் போய்வரும் பிள்ளைக்கு இது சிறிய விடயமல்ல. தவறிய பாடத்தை மீண்டும் கேட்க வழியிருக்கின்றதா என்று சேருமுன் விசாரியுங்கள்.

பணம் கட்டாமல் தொடங்க வழியில்லையா? உண்டு. இதைத்தான் நான் அந்தத் தாயிடம் அதிக நேரம் பேசினேன்.

பாடசாலையில் ஆசிரியரும் கணினி அறையும் இருந்தால், உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பத்தைக் கலைப்பிரிவு மாணவரும் ஒரு பாடமாக எடுக்கலாம். தமிழிலேயே படிக்கவும் எழுதவும் முடியும். பைதன் என்ற நிரல்மொழி அதில் ஒரு பகுதி. ஆனால் அப்பாடம் நிரலாக்கத்தோடு முடிவதில்லை. இலக்க முறைகள், தர்க்கப் படலைகள், தரவுத்தளம், வலையமைப்பு என்று நிறைய இருக்கின்றது. இலேசான பாடம் என்று நினைத்து எடுத்தவர்கள் பிறகு வருந்தியதைக் கண்டிருக்கின்றேன். சாதாரண தரத்தில் இதைப் படித்திராத பிள்ளை மிகவும் யோசித்தே எடுக்க வேண்டும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பைதன் ஆரம்பப் பாடநெறியை இணையவழியில் இலவசமாக வழங்குகின்றது. காணொளியை நிறுத்தி, திரும்பக் கேட்டுப் படிக்கலாம் என்பதால், வகுப்பைத் தவறவிட்ட என் கதி அங்கே நேராது. டேட்டாவுக்குக் காசு வேண்டும், சிக்னலும் வேண்டும். பைதனைக் கைத்தொலைபேசியிலும் இயக்கிப் பழகலாம் என்றாலும், சிறு திரையில் நீண்ட நிரல் எழுதுவது கஷ்டம்.

தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கு இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் நிலையங்கள் உள்ளன. தனியார் நிலையத்தில் சேர்வதானால், அது மூன்றாம் நிலை, வாழ்க்கைத்தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்றும், சான்றிதழ் தேசிய தொழிற்றகைமையின் எத்தனையாம் மட்டம் என்றும் கேளுங்கள். இந்தத் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள். ஐந்தும் ஆறும்தான் டிப்ளோமா. ஆறு மாத ஆரம்ப வகுப்புக்கு "டிப்ளோமா" என்று பெயர் போட்டு, மட்டத்தைக் கேட்டால் பேச்சை மாற்றுபவர்களிடம் கம்மலைக் கொடுக்காதீர்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சப்ரகமுவப் பட்டினங்களில் பல வகுப்புகள் சிங்களத்தில் நடக்கின்றன, குறிப்புகள் ஆங்கிலத்தில். எமது பிள்ளைகள் பயந்து பின்வாங்குவது இதனால்தான். உண்மையில் ஓர் ஆரம்ப நிரலில் வரும் ஆங்கிலச் சொற்கள் முப்பது, நாற்பதுக்குள் அடங்கிவிடும். முற்றிலும் தமிழிலேயே முயன்று பார்க்க விரும்புவோருக்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி உண்டு. பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்று அதன் கட்டளைகளே தமிழ்ச் சொற்கள். அதைக் கற்று வேலை கிடைக்காது. ஆனால், விளங்காமல் இருப்பது ஆங்கிலமா, நிரலாக்கமா என்று அதில் தெரிந்துவிடும்.

"இப்ப மெசினே நிரல் எழுதுதாமே, நாங்க எதுக்குப் படிக்கணும்?" என்று ஓர் இளைஞர் கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்வி. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்ததற்குப் பிறகு, சொன்னால் நிரல் எழுதித்தரும் செயலிகள் பல வந்துள்ளன. கொழுந்துக் கணக்கை அதனிடம் கேட்டால் நொடியில் எழுதித்தரும். நாங்கள் "18 க்கு மேல்" என்று சொன்னால் அதுவும் "18 க்கு மேல்" என்றே எழுதக்கூடும். சரியாக 18 கிலோ எடுத்தவரைப் பற்றி யோசித்து, அந்த வரியைச் சுட்டிக்காட்ட ஒரு வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதேவேளை, வெறும் நிரல் எழுதும் ஆரம்பநிலை வேலைகள் முன்போல் இருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அதனாலும்தான், வேலை வாக்குறுதியை நம்பி அடகு வைக்க வேண்டாம் என்கின்றேன்.

பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று அறியக் கணிதப் புள்ளிகளை மட்டும் பார்க்காதீர்கள். தவறு வந்தால் கோபப்படாமல் எங்கே பிழை என்று தேடும் பிள்ளையா? தைத்த சட்டை சரிவராவிட்டால் பிரித்துத் தைக்கும் பிள்ளையா? அப்படியானால் வரும். நிரலாக்கத்தில் எழுதுவதை விடப் பிழை தேடுவதற்கே கூடுதல் நேரம் போகின்றது.

அந்தத் தாயோடு வந்திருந்த மகளிடம் கேட்டேன்: "மகள், உனக்கு உண்மையிலேயே என்ன வேண்டும்?" அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு வருமா வராதான்னு தெரியணும் பாதர்." அதை அறிய 45,000 ரூபா தேவையில்லை. எட்டு வாரம் இலவசப் பாடத்தை, பாடசாலைக் கணினி அறை திறந்திருக்கும் நாட்களிலும் மற்ற நாட்களில் கொப்பியில் எழுதியும் படிப்பது என்று மூவரும் பேசி முடிவுசெய்தோம். எட்டாவது வாரத்தில் அடையாள அட்டை இலக்கத்தை மாற்றும் நிரலைத் தானே எழுத முடிந்தால், பரீட்சைக்குப் பின் பணம் கட்டிப் படிப்பதைப் பற்றித் தந்தையையும் வைத்துக்கொண்டு பேசுவோம். கம்மல் இப்போதைக்குக் காதிலேயே இருக்கின்றது.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால், முதலில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். மேலேயுள்ள கொழுந்துக் கணக்கின் விதியை மட்டும் பிள்ளைக்கு வாயால் சொல்லுங்கள். நான் எழுதிய கட்டளைகளைக் காட்டவேண்டாம். எதுவும் தெரியாத ஓர் ஆளுக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு வரியில் ஒவ்வொரு கட்டளையாக எழுதச் சொல்லுங்கள். றப்பர் தோட்டத்துக் குடும்பமானால் பால் கணக்கை வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தத் தாளை நீங்கள் வாங்கி, கணினியைப் போல எதையும் ஊகிக்காமல், எழுதியதை எழுதியபடியே செய்து பாருங்கள். 23 கிலோ, 15 கிலோ, 18 கிலோ, ஒன்றும் எடுக்காதவர் ஆகிய நால்வருக்கும் என்ன விழுகின்றது என்று பாருங்கள். பிழை வந்த வரியைக் காட்டியபோது பிள்ளை தாளைக் கசக்கி எறிந்ததா, பென்சிலைத் திரும்ப எடுத்ததா என்பதையும் கவனித்துவிட்டு, தாளை அடுத்த குடும்பக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.